இருபத்தேழாம் திகதிக்கு நாலு சொட்டு

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் அந்தக் கண்காட்சிக்குக் கலை பார்க்கப் போகவில்லை. மழைக்கு ஒதுங்கப் போனேன்.

2007 ஒக்டோபர், ஒரு சனிக்கிழமை பின்னேரம். கண்டிச் சந்தையில் கருவாடு வாங்கிக்கொண்டு கலகெதர பஸ்ஸுக்கு நின்றபோது வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. எதிரே ஒரு பழைய மண்டபம். வாசலில் மூன்று மொழியிலும் எழுதிய பதாகை தொங்கியது: ‘நாளைய மழை: கருவிகளும் மனிதரும் சேர்ந்து நிகழ்த்தும் கண்காட்சி’. அங்கே நின்ற பெண் பொலிஸ்காரி என் அடையாள அட்டையில் இருந்த தமிழ்ப் பெயரை இரண்டு தடவை வாசித்தாள். பையைத் திறக்கச் சொன்னாள். கருவாட்டு மணம் முகத்தில் அடித்ததும் போ போ என்று கையைக் காட்டிவிட்டாள். யுத்த காலத்தில் சோதனைச் சாவடிகளைக் கடக்கக் கருவாட்டைப்போல உதவியது எனக்கு வேறொன்றும் இல்லை.

உள்ளே நாலு கம்பத்தின் மேல் தகரக் கூரை ஒன்று. சுவர் கிடையாது. கூரைக்குக் கீழே ஒரு கதிரை, கதிரையில் வயதானவர் ஒருவர், மடியில் தடித்த கொப்பி. அவர் திகதியும் எண்ணுமாக வாசித்துக்கொண்டிருந்தார். அவர் எண்ணைச் சொன்னதும் மேலே கட்டியிருந்த குழாய்களிலிருந்து தகரத்தில் தண்ணீர் சொட்டியது. சின்ன எண்ணுக்குக் கொஞ்சம், பெரிய எண்ணுக்கு நிறைய. ஆட்கள் சும்மா உட்கார்ந்து கேட்டார்கள். நானும் உட்கார்ந்தேன்.

இருபது நிமிடம் இருந்திருப்பேன். ஓர் இடத்தில் அவர் வாசிப்பதை நிறுத்தினார். மூன்றாம் வரிசையில் ஓர் அம்மா எழுந்தார். வெளியே மழை விட்டது. பஸ் வந்தது. நான் போய்விட்டேன்.

கண்ணால் கண்டது இவ்வளவுதான். மீதி நான் இட்டுக்கட்டுவது. பிறகு ஏமாற்றிவிட்டேன் என்று சண்டைக்கு வராதீர்கள்.

2

தொடங்கிப் பார்த்தவை:

“தேயிலை மலைகளின் மீது வெண்பனி மெல்லப் படர்ந்து—” (வேண்டாம். ஹேவாஹெட்ட மலைத்தோட்டங்களைப் பற்றி எழுத வருகிற எல்லாரும் பனிக்குள்தான் நுழைகிறார்கள். எதிரே வருகிற ஆளைக் காணாமல் போவதற்கு அது நல்ல வசதி.)

“கி.பி. 2050. பூமியின் கடைசி மழைத்துளி—” (இதுவும் வேண்டாம். 2050ஐ எனக்குத் தெரியாது. 2007ஏ இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.)

“சுவக்கின் முப்பத்துநாலு வருடம் மழையை அளந்தார்.”

இது இருக்கட்டும். அந்தப் பெரியவரின் பெயர் எனக்குத் தெரியாது. சுவக்கின் என்று வைத்துக்கொள்கிறேன். கழுத்தில் செபமாலை கிடந்தது.

3

சுவக்கின் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதும் கிளாக்கர். தோட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். காலைப் பிரட்டில் பேர் கொடுத்து முடிந்து ஆட்கள் கூடையோடு மலைக்கு ஏறுகிற நேரம், அவர் தோட்ட அலுவலகமான கந்தோரின் முற்றத்தில் வேலி போட்டு நிறுத்தியிருந்த மழைப் போத்தலிடம் போவார். செம்புப் புனலை எடுத்து, போத்தலில் சேர்ந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். அங்குலத்தைப் புத்தகத்தில் எழுதுவார். தண்ணீரை ரோஜாச் செடிக்கு ஊற்றுவார். 1971இலிருந்து 2004 வரை ஒரு நாள் பிசகியதில்லை. ஒன்பது நாளைத் தவிர.

அதற்கொரு சட்டம் இருந்தது. மழை பெய்யாத நாளுக்குச் சைபர் போட வேண்டும். கட்டத்தை வெறுமையாக விடக் கூடாது. வெற்றுக்கட்டம் இருந்தால் தோட்டத்தை நடத்துகிற துரை கையெழுத்து வைக்காமல் புத்தகத்தைத் திருப்பித் தள்ளிவிடுவார்.

[இந்தச் சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இதை மீறப் போகிறேன்.]

ஓய்வுபெற்ற வருடம் பழைய புத்தகங்களையெல்லாம் பக்டரி அடுப்பில் போடச் சொன்னார்கள். சுவக்கின் முப்பத்துநாலு மழைப் புத்தகங்களையும் சாக்கில் கட்டிக் கண்டிக்குக் கொண்டுவந்துவிட்டார். அவருடைய மனைவி மார்கிரட் அலுமாரியில் பாதியை அதற்குப் பறிகொடுத்தார். ரேடியோ திருத்த வீட்டுக்கு வந்த பஹ்மி அதைப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஓவியக்காரி யசோதாவிடம் போய்ச் சொன்னார். அப்படித்தான் மழை கண்காட்சிக்கு வந்தது.

4

யசோதாவின் யோசனை எளிமையானது. முப்பத்துநாலு ஜூலை மாதங்களை மட்டும் எடுத்துக்கொள்வது. சுவக்கின் வாசிப்பார், கருவி பெய்யும். கடைசியில், அந்தக் கணக்கையெல்லாம் கணினியில் போட்டு மழை எந்த வேகத்தில் குறைந்துகொண்டு போகிறதென்று பார்த்து, 2050 ஜூலை எப்படியிருக்கும் என்பதையும் பெய்ய வைப்பது. அப்போது வாசிக்க ஆள் இருக்காது. கதிரை மட்டும் இருக்கும்.

“நீங்கள் நடிக்க வேண்டாம் ஐயா,” என்றாள். “கந்தோரிலை துரைக்கு வாசிக்கிற மாதிரி வாசிச்சாக் காணும்.”

“அதுக்கு மேல எனக்கு வாசிக்கவும் தெரியாதும்மா,” என்றார் சுவக்கின்.

கருவியைக் கட்டியவர் பஹ்மி. நோயாளிக்கு ஏற்றுகிற சேலைன் குழாய்கள் நாற்பது, ஒவ்வொன்றையும் நெரித்துத் திறக்க ஒரு குட்டி மோட்டார், எல்லாவற்றையும் ஆட்டிவைக்க ஒரு பழைய கணினி. கொழும்பில் குழாய்களை வாங்கிக்கொண்டு வரும்போது கடுகண்ணாவைச் சாவடியில் வான் வண்டியை நிறுத்திவிட்டார்கள். வயரைப் பார்த்துக்கூட ஆமிக்காரன் அவ்வளவு பதறவில்லை. சேலைன் குழாயைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. காட்டில் காயப்பட்டுக் கிடப்பவர்களுக்கு அனுப்பவா என்று கேட்டான்.

“மாத்தயா, இது மனிசருக்கில்ல. மழைக்கு,” என்றார் பஹ்மி, தனக்குத் தெரிந்த சிங்களத்தில்.

அது இன்னும் மோசமாகப் போயிற்று. வேறு வழியில்லாமல் றோட்டோரத்தில் கருவியைப் பூட்டி, தண்ணீர்ப் போத்தலை வானின் கூரையில் கவிழ்த்துக் கட்டி, ஒரு மழையைப் பெய்ய வைத்துக் காட்ட வேண்டி வந்தது. கண்காட்சியின் முதல் நிகழ்ச்சி உண்மையில் அங்கேதான் நடந்தது, பார்த்தவர்கள் மூன்று பேர். ஆமிக்காரன் சொட்டுக்குக் கீழே உள்ளங்கையை நீட்டினான். பொலன்னறுவையில் தங்கள் வயல் இரண்டு போகமாகக் காய்ந்து கிடக்கிறது, இதைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய முடியாதா என்று கேட்டான்.

“அல்லா நாடினா செய்யலாம்,” என்று சொல்லிவிட்டு பஹ்மி வானை எடுத்தார்.

[இந்த ஆமிக்காரனை நான் வேண்டுமென்றே இப்படி வைத்தேன். என்னை நிறுத்தியவர்கள் வேறு மாதிரி. ஆனால் வரப்போகிற பகுதியை எழுதுவதற்கு முன் எனக்கு ஒரு நல்லவன் தேவைப்பட்டான்.]

5

கண்காட்சிக்கு மூன்று நாள் முந்தி யசோதா சுவக்கினைக் கூப்பிட்டுக் கணினித் திரையைக் காட்டினாள்.

“ஐயா, ஒரு சின்னச் சந்தேகம். 2050 ஜூலை முழுக்கச் சைபர் வருது. சரி, காத்து மாசம், எப்பவும் பெய்யிற தூறலும் குறைஞ்சு குறைஞ்சு இல்லாமப் போயிட்டுது. ஆனா இருபத்தேழாம் திகதிக்கு மட்டும் நாலு சொட்டு விழுது. ஏனெண்டு பின்னுக்குத் தேடிப் போனன். எண்பத்து மூண்டிலை அந்த ஒரு நாள், ஒண்டு புள்ளி எட்டு அங்குலம் எண்டு நீங்கள் எழுதியிருக்கிறியள்.”

சுவக்கின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அந்தக் கிழமை நாங்களும் கண்டியிலை அகதி முகாமிலைதான் இருந்தனாங்கள். எனக்குப் பன்னிரண்டு வயசு. பள்ளிக்கூட முற்றத்திலை பாய் போட்டுப் படுத்தது. ஒரு துளி மழை இல்லை. மலையிலை பெய்திருக்கலாம், எனக்குத் தெரியாது. பிழையெண்டாச் சொல்லுங்கோ ஐயா, எடுத்துவிடுறன். எடுத்தா அந்த நாலு சொட்டும் போயிடும்.”

“இருபத்து நாலு வருசத்துக்கு முந்தின மழம்மா,” என்றார் அவர். “யோசிச்சுச் சொல்றேன்.”

“ஓம் ஐயா. சனிக்கிழமை தொடங்க முதல் சொன்னாக் காணும்.”

அவர் யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை. எல்லாம் தெரியும்.

6

இந்தப் பகுதியை நாலு தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் நெருப்பைப் பற்றி அதிகம் எழுதிவிட்டேன். இப்போது குறைவாகச் சொல்கிறேன்.

1983 ஜூலை 27, புதன்கிழமை. தமிழரைத் தேடி லொறிகளில் ஆட்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் தோட்டத்துச் சனம் தேயிலைக்குள் ஏறி ஒளிந்தது. சுவக்கின், மார்கிரட், மார்கிரட்டின் தம்பி கிறகரி மூவரும் ஒரே பாத்தியில் குந்தியிருந்தார்கள். கிறகரிக்கு இருபத்திரண்டு வயது, பக்டரியில் வேலை. கீழே அவர்கள் குடியிருந்த லயம் பற்றிக்கொண்டது. காற்று விசுவிசு என்று அடித்தது. ஒரு சொட்டு மழை இல்லை. அப்போதுதான் கிறகரிக்கு மாடு நினைவு வந்தது.

“அக்கா, மாட்டக் கட்டிப்போட்டுட்டு வந்துட்டோம்.”

“போவாதடா,” என்றார் மார்கிரட்.

“அவுத்து விட்டுட்டு வந்துடுறேன்,” என்று சொல்லிக் குனிந்தபடியே இறங்கிப் போனான்.

கொஞ்ச நேரத்தில் மாடு மேலே வந்தது. கழுத்தில் அறுத்த கயிறு தொங்கியது. கிறகரி வரவில்லை.

ஒன்பது நாள் அகதி முகாமில் இருந்துவிட்டு சுவக்கின் தோட்டத்துக்குத் திரும்பினார். கந்தோர் எரியவில்லை. மழைப் புத்தகம் மேசையில் அப்படியே கிடந்தது. ஒன்பது கட்டம் வெறுமையாக இருந்தது. மாத அறிக்கை கொழும்புக்குப் போக வேண்டும், நிரப்பிக் கொடு என்றார் துரை. சுவக்கின் முற்றத்துக்குப் போய்ப் போத்தலை எடுத்துப் பார்த்தார். ஒன்பது நாள் மழையும் அதில்தான் சேர்ந்திருக்க வேண்டும். அடியில் ஒரு செத்த வண்டு கிடந்தது. போத்தல் காய்ந்துபோயிருந்தது.

எட்டு நாளுக்குச் சைபர் போட்டார். இருபத்தேழாம் திகதிக்கு ஒன்று புள்ளி எட்டு என்று எழுதினார்.

ஒன்று புள்ளி எட்டு அங்குலம் பெய்தால் லயத்துக் கூரை பற்றாது. லொறி அந்த மலைப் பாதையில் ஏறாது. மாட்டை அவிழ்க்க யாரும் இறங்கிப் போக வேண்டியிருக்காது. முப்பத்துநாலு வருடத்தில் அவர் எழுதிய ஒரே பொய் அது. கிறகரிக்குச் செய்ய அவரிடம் வேறு என்ன இருந்தது? அவர் ஒரு கிளாக்கர். அதை எழுதிவிட்டுப் புத்தகத்தை மூடி, மேசையில் தலையை வைத்து அழுதார். அறிக்கை கொழும்புக்குப் போனது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மார்கிரட்டிடம் அவர் அதைச் சொல்லவேயில்லை.

7

மார்கிரட்தான் எனக்குப் பிடிபடாமல் இருந்தார். முதல் வரைவில் அவரை அழ விட்டேன். பக்கம் பக்கமாக அழுதார். ஒரு பெண்ணை அழவைத்துவிட்டால் எழுதுகிறவனுக்கு வேலை மிச்சம். அந்தச் சோம்பல் எனக்கும் உண்டு. கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது வரைவில் அவர் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் முப்பது வருடம் மற்றவர்களின் பிள்ளைகளைத் தொட்டிலாட்டியவர். ஐம்பத்தெட்டு வயது. குரல் எடுத்தால் அடுத்த மலைக்குக் கேட்கும். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கண்டியில் மழைக்கு எல்லாரும் திட்டுவார்கள். துணி காயவில்லை, குடை கிழிந்தது, பஸ் இல்லை என்று. மார்கிரட் மட்டும் ஒருநாளும் மழையைத் திட்டியதில்லை. கொடியில் கிடக்கிற துணி நனைந்தாலும், “பெய்யட்டும் பெய்யட்டும்,” என்பார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. சுவக்கினும் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை சுவக்கின் மெல்லப் பேச்சைத் தொடங்கினார்.

“மார்கிரட்டு, நாளைக்கு நீ வரத்தான் வேணுமா?”

“ஏங்க, முப்பத்துநாலு வருசம் அந்தப் போத்தலக் கட்டிக்கிட்டு அழுதீங்க. என் அலுமாரியில பாதி அதுக்குத்தான் போச்சு. அதுல என்னதான் இருக்குன்னு நான் பாக்க வேணாமா?”

“நம்பருதான் இருக்கு.”

“நம்பரையே பாக்குறேன்.”

“அதுல எண்பத்து மூணும் வரும்.”

சேலை மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு மறுபடியும் மடித்தது.

“வரட்டும்,” என்றார் மார்கிரட். “வராமலா போயிரும்.”

சுவக்கின் அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தார். உள்ளே கேத்தில் கொதிக்கிறதென்று மார்கிரட் எழுந்து போய்விட்டார்.

(அந்தக் கேத்திலைக் கொதிக்க வைத்தவன் நான்தான். மன்னிக்க வேண்டும். சொல்ல விட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சொல்ல விட்டிருக்கலாமோ என்று இப்போது—)

8

எழுதிப் பார்த்த முடிவுகள்.

சனிக்கிழமை காலை சுவக்கின் யசோதாவிடம், “அது பிழைம்மா, எடுத்துருங்க,” என்கிறார். அவள் எடுக்கிறாள். மேடையில் இருபத்தேழு வரும்போது அவர் சைபர் என்று வாசிக்கிறார். தகரம் சும்மா கிடக்கிறது. 2050 ஜூலை முழுதும் காய்ந்து போகிறது. இது நேர்மையான முடிவு. வருங்கால மழையைப் பற்றி ஊருக்குச் சொல்ல வந்த கண்காட்சியில் பொய்க் கணக்கு இருக்கலாமா? இருக்கக் கூடாது. ஆனால் இதை எழுதி முடித்ததும், கிறகரியை நானே இன்னொரு தடவை கீழே— (இந்த வசனத்தை முடிக்க எனக்கு மனமில்லை.)

இன்னொன்றில் அவர் யசோதாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்று புள்ளி எட்டு என்று உரக்க வாசிக்கிறார். மார்கிரட் எழுந்து, “அன்னைக்கு ஏதுங்க மழை?” என்று சபை நடுவே கேட்கிறார். விறுவிறுப்பான முடிவு. ஆனால் நான் இவ்வளவு நேரம் பழகிய மார்கிரட் கட்டினவரைச் சபையில் வைத்துக் கேட்க மாட்டார். வீட்டுக்கு வரட்டும் என்று வைத்துக்கொள்வார்.

மூன்றாவதில் மின்சாரம் போய்விடுகிறது. இது என்னுடைய கோழைத்தனம். வேறொன்றுமில்லை.

9

இனி நான் கண்டது. இதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று, ஜூலை,” என்று அவர் வாசித்தார். முதலாம் திகதிக்குக் கொஞ்சம் தூறல். பிறகு சைபர், சைபர், எப்போதாவது ஒரு சின்ன எண். தகரத்தில் சத்தமேயில்லை. வெளியே மழை ஓய்ந்துகொண்டு வந்தது. “இருபத்தைந்து, சைபர். இருபத்தாறு, சைபர்.” அவர் ஒரே குரலில்தான் வாசித்தார்.

“இருபத்தேழு,” என்றார். நின்றுவிட்டார்.

விரல் கொப்பியில் இருந்தது. வாய் திறந்திருந்தது. ஆனால் கருவிக்கு அவருக்காகக் காத்திருக்கத் தெரியாது. அதற்குக் கொடுத்திருந்த கணக்கின்படி மேலே நாற்பது குழாயும் ஒன்றாகத் திறந்தன. தகரம் அதிர அதிர மழை பெய்தது. அவ்வளவு நேரம் சும்மா இருந்த மண்டபத்தில் அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் இறங்கியது. எனக்கு ஏனென்று தெரியாமலே கண் கலங்கியது.

மூன்றாம் வரிசையில் அந்த அம்மா எழுந்தார். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பங்கு என்று நினைத்து ஆட்கள் கால்களை ஒதுக்கி வழி விட்டார்கள். ஒருவர் படம்கூடப் பிடித்தார். அந்த அம்மா, மறித்துக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி, கூரை விளிம்பிலிருந்து ஊற்றுகிற தண்ணீருக்குள் போய் நின்றார். விளிம்புத் தண்ணீர் பெரியவரின் கொப்பியில் தெறித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா முந்தானையை எடுத்து அவர் தலைக்கும் கொப்பிக்கும் மேலாகப் பிடித்தார். தன் தலையை நனைய விட்டார். அண்ணாந்து தகரத்தைப் பார்த்தார். ஏதோ சொன்னார். தகரச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பெரியவர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

அப்போது வெளியே, “கலகெதர, கலகெதர,” என்று கூப்பிட்டார்கள். அந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒரு மணித்தியாலம். இருட்டினால் வழியில் சாவடி இரண்டாகிவிடும். கருவாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அப்படிப்பட்ட காலம் அது, எல்லாரும் எல்லாவற்றையும் பாதியில் விட்டுவிட்டு ஓடினோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இருந்தாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

10

ஆகவே அவர் என்ன வாசித்தார் என்பது எனக்குத் தெரியாது. சைபர் என்றிருந்தால், அவருடைய மனைவி இருபத்து நாலு வருடம் கழித்து உண்மையைக் கேட்டிருப்பார். நாலு சொட்டும் போயிருக்கும். ஒன்று புள்ளி எட்டு என்றிருந்தால், அன்றைக்கு மழை பெய்தது என்று இரண்டு பேராகச் சேர்ந்து முடிவு செய்திருப்பார்கள். விசாரித்திருக்கலாமே என்பீர்கள். போனேன். நானே உண்டாக்கிய பஹ்மியின் ரேடியோக் கடையைத் தேடிக் கண்டித் தெருக்களில் ஒரு நாள் முழுக்க நடந்திருக்கிறேன் என்றால் சிரிப்பீர்கள்.

யசோதாவின் கணக்கை யாரும் திருத்தாவிட்டால், 2050இல் ஹேவாஹெட்ட மலையில் ஜூலை இருபத்தேழாம் திகதி நாலு சொட்டு விழ வேண்டும். நான் இருக்க மாட்டேன். நீங்கள் இருந்தால் அன்றைக்கு ஒரு தடவை வெளியே வந்து பாருங்கள். கிறகரிக்காகப் பெய்கிற மழை அது.

இப்போது வேலை உங்களுடையது. கீழே புத்தகம் இருக்கிறது. கட்டம் வெறுமையாக இருக்கக் கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். துரை கேட்டால், எழுதினவருக்குக் கலகெதர பஸ் வந்துவிட்டது என்று சொல்லுங்கள்.

ஜூலை 1983

26 — சைபர்
27 —
28 — சைபர்

அதிக நேரம் எடுக்காதீர்கள். மார்கிரட் நனைந்துகொண்டு நிற்கிறார்.